இழுத்துவிடும், நிறுத்துமா?

கோபத்தில் இருக்கும் மகனுக்கு, அதைவிடப் பெரிய கோபத்தில் இருக்கும் அம்மா எழுதுவது.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை லாரி எடை மேடைக்கு முன்னால் என்னையும் அப்பாவையும் நட்டநடு ரோட்டில் விட்டுவிட்டு, அந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிப் பட்டறைக்குப் போனவன், அங்கேயே பாயைப் போட்டுப் படுத்துக்கிடக்கிறாய். நாங்கள் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தேன், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். இந்தக் கடிதத்தையும் நீ பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்தால்கூட எனக்கு ஒன்றுமில்லை. வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டியைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிற பிள்ளைகள் எல்லாரும் படிக்கட்டும்.

நீ ஓசூரில் வேலை பார்க்கிறாய், நல்ல சம்பளம். அதில் எனக்குக் குறையில்லை. லீவு கிடைத்தால் மண்ணிலும் சேற்றிலும் பைக் ஓட்டுகிற பந்தயத்துக்குப் போகிறாய். அதிலும் நான் வாயைத் திறக்கவில்லை. பந்தயத்துக்கென்று இரண்டு பைக் வாங்கினாய், அவற்றை ஏற்றிப் போக ஒரு பிக்கப் வாங்கினாய், பின்சீட்டு வைத்த வண்டி, பின்பெட்டியில் பைக் நிற்க நீளம் போதவில்லை என்று இப்போது அந்தப் பிக்கப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு டிரெய்லர் கட்டியிருக்கிறாய். பின்பாதியில் பைக், முன்பாதியில் படுக்க ஓர் அறை. வருகிற வெள்ளிக்கிழமை கிளம்பிக் கோயம்புத்தூர், ஞாயிற்றுக்கிழமை பந்தயம், அது முடிந்ததும் வால்பாறை மலை ஏறி ஒரு வாரம் இருந்துவிட்டு வருவது என்று திட்டம். மார்கழியில் நான் ரிட்டயர் ஆகி, செக்‌ஷன் ஆட்கள் மாலையோடு என்னை வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்று சாயங்காலம், "நீங்களும் என்கூட வாங்களேன்மா" என்று கேட்டாய். நான் அடுக்கிக்கொண்டே போனேன், நினைவிருக்கிறதா? "உங்கப்பாவுக்கு அந்தத் தேக்குக் கட்டில் இல்லாட்டி தூக்கம் வராது. எனக்கு முட்டி மடங்காது, வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத இடத்துக்கு நான் வரமாட்டேன். போற இடத்துத் தண்ணி எல்லாம் எனக்கு ஒத்துக்காது. உன் வண்டியில ஏறணும்னாலே எனக்கு ஏணி வேணும்." நீ சிரித்தாய். "சரிம்மா" என்றாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு உன் ஆட்டம் தொடங்கியது. சனி, ஞாயிறு வந்தால் வீட்டில் ஆள் கிடையாது, குறிஞ்சிப்பாடியில் ஏழுமலையின் வெல்டிங் பட்டறையே கதி. டிரெய்லரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாய். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கதவைத் திறக்கப் போனேன். "உள்ள போகாதம்மா, பெயிண்ட் காயல" என்றாய். மாசக்கணக்கில் காயாத பெயிண்ட்டை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். சரி, நண்பர்களோடு கும்மாளம் போட ஏதோ கட்டியிருக்கிறான், அம்மா பார்த்தால் திட்டுவாள் என்று பூட்டி வைத்திருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

ஓட்டிப் பார்க்கிறேன் என்று பைக் இரண்டையும் ஏற்றிக்கொண்டு டவுன்ஷிப் முழுக்க ஒரு சுற்று வந்தாய் பார், அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. ஏன்டா, நெய்வேலியில் ஏறி இறங்க என்ன இருக்கிறது? கோடு போட்ட மாதிரி ரோடு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மரம், எதிரே எப்போதாவது ஒரு ஷிஃப்ட் பஸ். இந்த ஊரில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது நிலக்கரி மைன்ஸில் தோண்டிக் கொட்டிய மண்மேடுதான். இங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு வால்பாறையில் இறங்கப் போகிறேன் என்கிறாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, இந்த ஊரே அப்படித்தான். எதிர்வீட்டு ரிட்டயர்டு ஃபோர்மேன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து டிரெய்லரை ஒரு தட்டுத் தட்டினார். "மேடம், நான் பார்க்காத மெஷினா? அங்க மைன்ஸ்ல மண்ணு தோண்டுற மெஷினோட ஒரு பக்கெட்டுக்குள்ளயே இந்த டிரெய்லர் பாதி போயிடும். தம்பி தாராளமா இழுத்துட்டுப் போகலாம்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "சார், உங்க மெஷின் நான் நடக்கிற வேகம்கூடப் போகாது. அதுக்கு எதுக்கு பிரேக்?" என்றேன். அவர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார். ராட்சச இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்து இங்கே எல்லாருக்கும் ஒரே ஒரு கேள்விதான் தெரியும்: இழுக்குமா? நிற்குமா என்று ஒருத்தர் கேட்பதில்லை.

நான் கேட்பேன். மைன்ஸ் டிரான்ஸ்போர்ட் செக்‌ஷனில் கிளார்க்காகச் சேர்ந்து அதே செக்‌ஷனில் ரிட்டயர் ஆனவள் நான். என் மேஜைக்கு முன்னால் முகம் வெளுத்து வந்து நின்ற டிரைவர்கள் எத்தனையோ பேர். வண்டி இழுக்கவில்லை என்று ஒருத்தரும் வந்து நின்றதில்லை. "பிரேக் புடிச்சேன் மேடம், நிக்கல" என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போது வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும், அங்கே பெடல் இருக்கிற மாதிரி. அந்தக் காலைப் பார்த்தவள் நான். அதனால்தான் உன் பிக்கப்பின் புத்தகத்தைக் கேட்டேன். நீ பக்கத்தைத் திறந்து, "பாரும்மா, ஆயிரத்து ஐநூறு கிலோ வரைக்கும் இழுக்கலாம்னு போட்டிருக்கான்" என்று விரலை வைத்தாய். விரலை எடுடா என்றேன். உன் விரலுக்குக் கீழே அடுத்த வரி இருந்தது. ஆயிரத்து ஐநூறு, டிரெய்லருக்குத் தனியாகப் பிரேக் இருந்தால். இல்லாவிட்டால் எழுநூற்றைம்பது. ஏழுமலை போட்ட அச்சில் பிரேக் இருக்கிறதா? கிடையாது. பழைய காரிலிருந்து எடுத்த அச்சு, சக்கரம் சுற்றும், அவ்வளவுதான். பிரேக்கோடு அச்சு வாங்கலாம், வர ஒரு மாசம் ஆகும் என்றாய். "கம்பெனிக்காரன் எப்பவும் பயந்து குறைச்சுதான்மா போடுவான்" என்றும் ஒன்று சொன்னாய். அதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன். படித்த பிள்ளை பேசுகிற பேச்சா இது?

நீ ஏழாவது படிக்கும்போது நம் கொல்லையில் காய்த்த பலாப்பழம் இரண்டைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு, கணக்கு டீச்சர் வீட்டுக்குக் கொடுக்கப் போனாயே, மறந்துவிட்டாயா? ஊருக்கு வெளியே ரயில்வே பாலத்தில் ஏறும்போது முக்கி முக்கி மிதித்து ஏறிவிட்டாய். இறங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்து புகையாத குறை. பின்னால் பாரம் கூடிப்போனதால் முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போக, ஹேண்டில் உன் பேச்சைக் கேட்கவில்லை. முந்திரித் தோப்பு வேலியில் போய் விழுந்தாய். முழங்கையில் ரத்தம், சட்டையெல்லாம் பலாப்பால். வீட்டுக்கு வந்து, "பழம் ஒடஞ்சிருச்சும்மா" என்றுதான் அழுதாய், கை வலிக்கிறது என்று அழவில்லை. அன்றைக்கு உனக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுப் பிசினைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னது இதுதான்: ஏறும்போது நீ மிதித்தாய், இறங்கும்போது பழம் உன்னைத் தள்ளியது. இப்போதும் அதே பாடம்தான். அன்றைக்குப் பலாப்பழம், இன்றைக்கு டிரெய்லர். வேலிக்குப் பதிலாக அங்கே பள்ளத்தாக்கு.

அப்பா உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. நீ டவுன்ஷிப்பைச் சுற்றி வந்தபோது அவர் ஸ்கூட்டரில் உன் பின்னாலேயே வந்தார். நேர் ரோட்டில் நீ வேகம் எடுத்ததும் டிரெய்லர் இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்ததாம். நீ வேகத்தைக் குறைத்ததும் அடங்கியதாம். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "வால் ஆட்டுது" என்றார். அவ்வளவுதான், அவர் பேச்சு அத்தனைதான். காலம் முழுக்க மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாகவே இருந்து, பெர்மனென்ட் ஆகாமலே ஓய்ந்த மனிதர். என் பெயரில் இருந்த குவார்ட்டர்ஸை ஊரே மேடம் வீடு என்றபோதுகூட முகம் சுளிக்காதவர். அவர் வாயிலிருந்து இரண்டு வார்த்தை வந்தால் அதற்கு அர்த்தம் இருக்கும். அச்சுக்குப் பின்னால் பாரம் கூடியிருக்கிறது, முன்னால் பிக்கப்போடு மாட்டுகிற கொக்கியில் போதுமான பாரம் உட்காரவில்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எடை போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கே தெரியும். உன் வண்டியில் என்னை ஏற்ற, நீ முன்னாலிருந்து இழுக்க, அப்பா பின்னாலிருந்து தள்ள, எதிர்வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்க, ஒரு வழியாக ஏறினேன். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களுக்கு நடுவே எடை மேடை வரிசையில் நின்றோம். "அந்த டிராக்டரைப் பாரும்மா, எவ்வளவு இழுக்குது" என்றாய். "அது போற வேகத்தையும் பாரு" என்றேன். டிரெய்லரை மட்டும் கழற்றி மேடையில் நிறுத்திப் பார்த்தால் ஆயிரத்து முந்நூற்றுப் பத்து கிலோ! எழுநூற்றைம்பது எங்கே, இது எங்கே! அந்தப் படபடப்பில்தான் கத்தினேன். "ரெண்டு பைக்கையும் இறக்கு! முப்பது வயசாகுது, இன்னும் விளையாட்டுச் சாமான் கேக்குதா உனக்கு? பைக்கு முக்கியமா, உசுரு முக்கியமா?" என்று டிராக்டர்காரர்கள் முன்னால் கேட்டேன். நீ என்னைப் பார்த்தாய். "இதுல எதை இறக்கணும்னு உனக்குத் தெரியாதும்மா" என்றாய். டிரெய்லரை மாட்டினாய், போய்விட்டாய்.

திமிர் என்று நினைத்தேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்கிறான், எத்தனை கொழுப்பு என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தேன். நேற்று பொறுக்க முடியாமல் பஸ் ஏறிப் பட்டறைக்கே வந்துவிட்டேன். நீ இல்லை. ஏழுமலைதான் வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். "வாங்கம்மா. தம்பி போல்ட்டு வாங்கியாறப் பண்ருட்டிக்குப் போயிருக்குது. குந்துங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார். நான் உட்காரவில்லை. "பைக்கை இறக்கச் சொல்லுங்க ஏழுமலை, நீங்க சொன்னாலாவது கேட்பான்" என்றேன்.

"பைக்கு இன்னாம்மா வெயிட்டு? ரெண்டும் சேந்து எரநூத்தி அம்பது இருந்தா ஜாஸ்தி. வெயிட்டெல்லாம் உங்க ரூமுதான்" என்றார்.

"எங்க ரூமா?"

"தம்பி காட்டலியா உங்களுக்கு? அடடா, நாந்தான் ஒளறிப்புட்டனா! ஆனா ஒண்ணும் பயந்துக்காதீங்கம்மா. எவ்ளோ வெயிட்டா இருந்தா இன்னா, இஸ்துக்கினு பூடும்" என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

பெயிண்ட் எப்போதோ காய்ந்துவிட்டது, மகனே. உள்ளே, பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்று நீ வீட்டிலிருந்து தூக்கிப்போன தேக்குக் கட்டில், காலை வெட்டிக் குட்டையாக்கி, மூலையில் பொருத்தியிருந்தது. அது இல்லாமல் அப்பா இத்தனை நாளாகத் தரையில் பாயில் புரண்டுகொண்டிருக்கிறார். படுத்தால் கண்ணுக்கு நேராக அவருக்கு ஒரு ஜன்னல். பக்கத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு தடுப்பு, அதற்குள் வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொண்டு எழுந்திருக்க இரண்டு பக்கமும் கம்பி. கடைசியில், பைக்குகளுக்கு அடியில், இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. "வூட்டுத் தண்ணிதான் அம்மாக்கு ஒத்துக்கும்னு இப்பவே ரொப்பி வெச்சிக்கினுதான் ஓட்டிப் பாக்குறாரு" என்றார் ஏழுமலை. லிட்டருக்கு ஒரு கிலோ. தொட்டி மட்டுமே இருநூறு கிலோ, அதுவும் அச்சுக்குப் பின்னால், தளும்பிக்கொண்டு. வால் ஆட்டாமல் என்ன செய்யும்? வாசலில் மடக்கி வைக்கிற மாதிரி ஓர் இரும்புப் படி, கைப்பிடியோடு. அது எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. ஏணி வேண்டும் என்று சொன்னவள் நான்தானே.

அந்தத் தடுப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த டாய்லெட் மூடிமேல் உட்கார்ந்து அழுதேன். வெளியே ஏழுமலை வெல்டிங் வைக்கிற சத்தத்தில் கேட்டிருக்காது. கேட்டிருந்தால்தான் என்ன. அடப்பாவி, நான் சொன்னதெல்லாம் சாக்குடா! வரமாட்டேன் என்று நேராகச் சொல்ல வாய் வராமல் அடுக்கின சாக்கு. இந்த மாசக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும், வடலூரில் பார்த்திருக்கிற வாடகை வீடு இன்னும் மனசில் ஒட்டவில்லை, இதற்கு நடுவில் மகனுடைய சந்தோஷத்துக்கு நடுவே கிழடு இரண்டு எதற்கு என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ ஒவ்வொரு சாக்கையும் எடுத்துக்கொண்டு போய் இரும்பில் கட்டிவைத்திருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. "அம்மா, நிஜமாவே இதெல்லாம் வேணுமா?" என்று ஒரே ஒரு வார்த்தை. அப்பனைப்போலவே வாயைத் திறக்காத ஜென்மம். அழுது முடித்ததும் எனக்கு மறுபடியும் கோபம்தான் வந்தது. இப்போதும் அது போகவில்லை.

அதனால் நான் சொல்வதைக் கேள். எதை இறக்கணும் என்று இப்போது எனக்குத் தெரியும். எங்களை இறக்கு. கட்டிலைக் கழற்று, அதைப் பட்டறையில் வை. தொட்டியைத் திறந்து ஏழுமலை வைத்திருக்கிற முருங்கை மரத்துக்கு விடு, காலித் தொட்டியையும் கழற்று. டாய்லெட், தடுப்பு, பலகை, எல்லாம் வெளியே. வெறும் டிரெய்லர் நானூற்று இருபதுதான் வரும் என்று ஏழுமலை சொல்கிறார். அவர் பேச்சை நம்பாதே, எடை போட்டுப் பார். அதோடு பைக் இரண்டும் சேர்ந்தால் எழுநூறைத் தொடாது. ஆனால் பைக்கைப் பழைய இடத்திலேயே பின்னால் நிறுத்தாதே, மறுபடியும் ஆடும். எங்கள் கட்டில் இருந்த இடம் வரைக்கும் முன்னால் நகர்த்திக் கட்டு. கொக்கியில் கொஞ்சம் பாரம் உட்காரட்டும். அதற்காக முன்னால் ஒரேயடியாகவும் ஏற்றிவிடாதே, பிக்கப்பின் முகம் தூக்கிக்கொள்ளும். மலையில் இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராதே, எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பிரேக் வைத்த அச்சுக்கு இன்றைக்கே சொல்லிவை. அது வந்த பிறகு எங்கள் அறையைத் திரும்பப் பொருத்து. அப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு அப்பா ஜன்னல் வழியாக எந்த ஊரை வேண்டுமானாலும் பார்க்கட்டும். விளையாட்டுச் சாமான் என்று சொன்னேனே, அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பைக்கை விட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு போக நினைத்தாயா, அல்லது இரண்டையும் விடமுடியாமல்தான் அங்கே நின்றாயா? பதில் சொல்ல வேண்டாம்.

ஒன்றே ஒன்றை மட்டும் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். அந்த இரும்புப் படியை டிரெய்லரிலிருந்து கழற்றச் சொல்லி நேற்றே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன், கண்டக்டர் லக்கேஜ் கேட்டார். அப்பா அதை வாசலில் போட்டு ஏறி ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் பிக்கப்பின் பின்சீட்டுக் கதவு உயரத்துக்குச் சரியாக வரும் என்கிறார். பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார இடம் இருக்கிறது. ராத்திரிக்கு லாட்ஜ் எடுத்துக்கொள்ளலாம், தண்ணீர் எங்கேயும் கிடைக்கும். நீ சேற்றில் விழுந்து எழுவதை நான் ஒருதடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் பையோடு வாசலில் நிற்போம். எடைச் சீட்டைக் காட்டு. எழுநூற்றைம்பதுக்குள் இருந்தால் படியைப் போட்டு ஏறுகிறேன். ஒரு கிலோ கூட இருந்தாலும் வண்டிக்கு முன்னால்தான் நிற்பேன். அப்போது நிறுத்திக் காட்டு, பார்க்கலாம்.

உன் அம்மா